நிறைகுடம் வைத்த வியாழக்கிழமை

நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஜூன் மாத நீண்ட விடுமுறைக்கு ரேகன்ஸ்புர்க் வருவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். நல்லது. வியாழன் பெருநாள். வெள்ளிக்கு லீவு போட்டால் சனியும் ஞாயிறும் தானாக வரும். நடுவில் நிற்கும் அந்த வெள்ளியை ஜெர்மன்காரர் பாலநாள் என்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லீவு எடுப்பதில் நாம் யாருக்கும் பின்னால் நிற்பவர்கள் அல்ல. என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம், காரை எங்கே விடலாம் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். 'நீதானே அந்த ஊர்க்காரி' என்று ஒருத்தி வேறு குத்தியிருக்கிறாள்.

ஊர்க்காரிதான். ஏழு வயதில் வந்து இறங்கினேன். இப்போது மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடவே இன்னொரு கண்ணாடி தேவைப்படுகிறது. உங்கள் நிலைமையும் அதுதான் என்று தெரியும், சிரிக்க வேண்டாம்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். டோம் தேவாலயம் என்று எழுதினேன், கல்பாலம் என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. இந்த ஊரை நான் முதன்முதலாக ஆட்களுக்குச் சுற்றிக் காட்டியது பதினொரு வயதில், இதே பெருநாள் விடுமுறையில். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். கார் விடும் இடமும் இடையில் வரும்.

முதலில் வீடு. டோமுக்குப் பின்னால் போகும் சந்துகளில் ஒன்றில் இருந்தது. இப்போது அந்தச் சந்தில் தோல் கைப்பையும் ஐஸ்கிரீமும் விற்கிறார்கள். அந்த நாளில் அங்கே குடியிருக்க இந்த ஊர்க்காரருக்கே விருப்பமில்லை. சுவரில் ஈரம் ஊறும். கழிவறை படிக்கட்டின் நடுவில், இரண்டு மாடிக்கும் ஒன்றுதான். பழைய கல்லும் உருளைக்கிழங்கு அவியும் மணமும் கலந்த ஒரு வாடை எப்போதும் இருக்கும். இன்றைக்கும் ஏதாவது பழைய கட்டடத்துக்குள் அந்த வாடை வந்தால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன். கீழ்மாடியில் வீட்டுக்காரி இருந்தார். கணவனை இழந்தவர், சிகரெட் பிடிப்பவர், அதிகம் சிரிக்காதவர். நாங்கள் அவரைக் கீழ்வீட்டம்மா என்போம்.

மேலே நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கை. சித்தி எங்களுக்குப் பின்னால் தனியாக வந்து சேர்ந்தவர். அவரைக் கொழும்பிலிருந்து இங்கே கொண்டுவர அப்பா பட்ட பாடு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததால்தான் சித்திக்கு அவரிடம் ஏலாது என்று சொல்ல ஒருநாளும் வாய் வந்ததில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

சித்தி ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற வேலை செய்தார். அங்கே இருந்த ஒரு கன்னியாஸ்திரிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தாதியாகப் படி, இலையுதிர் காலத்தில் தொடங்கும் அவுஸ்பில்டுங் தொழிற்படிப்பில் உனக்கு ஓர் இடம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குசினியில் மனித உடம்புதான். சித்தி ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டே தோள்பட்டை எலும்புக்கும் முழங்கால் சில்லுக்கும் ஜெர்மன் பெயர் சொல்லுவார். பிழைவிட்டால் நான் திருத்துவேன். தலையில் தொடங்கிக் கால்விரலில் முடிப்போம். எனக்கு அது ஒரு விளையாட்டு. சித்திக்கு அது விளையாட்டில்லை என்பது அப்போதே ஓரளவு விளங்கியது, ஏனென்றால் பிழைவிட்டால் திரும்பத் தலையிலிருந்து தொடங்குவார்.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே, ஊன்ட்றொப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தெரிந்த ஊர், தெரிந்த குடும்பம். தகப்பன் இல்லை. மாப்பிள்ளை ஒரு பேக்கரியில் வேலை. அப்பா சித்தியைக் கூப்பிட்டு, "வந்து பாத்திட்டுப் போகட்டும் பிள்ளை. உனக்குப் பிடிக்காட்டி விடுவம்" என்றார். சித்தி தலையாட்டினார். சம்பந்தம் சரிவந்தால் சித்தி வடக்கே போகவேண்டும், இங்கே படிப்பு இல்லை. வீட்டில் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெருநாள் விடுமுறையில் தாயும் மகனும் காரில் வருவதாக முடிவாயிற்று. வியாழன் பின்னேரம் வந்து, ஞாயிறு போவார்கள்.

இனி வியாழக்கிழமை. நீங்கள் வரப்போகும் அதே வியாழக்கிழமை. கத்தோலிக்கர் தங்கள் சாமியை வீதிக்குக் கொண்டுவரும் நாள். ஃப்ரோன்லைக்னாம் என்ற பெயரை நம் பெற்றோர் கடைசிவரை சரியாக உச்சரிக்கவில்லை, ஆனால் லீவு என்று மட்டும் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். காலையில் கீழ்வீட்டம்மா கதவைத் தட்டினார். கையில் பேர்ச் மரக் கொப்புகள். வாசலில் கட்டப்போகிறேன், இன்றைக்கு ஆண்டவர் நம் வாசலால் போகிறார், பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"அம்மா, சாமி இண்டைக்கு எங்கடை வாசலாலை போறாராம்."

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை அப்படியே வைத்தார். "சாமி வீதியுலா வரேக்கை வாசல் சும்மா கிடக்கிறதோ?"

அப்பா முகம் மழித்துக்கொண்டே, "அது அவையின்ரை சாமி" என்றார்.

"வாசல் எங்கடைதானே" என்றார் அம்மா.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு தேங்காய். மியூனிக்கில் ஓர் ஆசியக் கடையில் வாங்கி, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதியும் சம்பலும் என்று எடுத்து வைத்தது. கடைக்காரன் குடுமியைச் சிரைத்துவிட்டுத்தான் விற்பான், மொட்டைத் தேங்காய். அம்மா அதை எடுத்தார். குடத்துக்கு எங்கே போவது? கீழ்வீட்டம்மா உடுப்புக் காயவிடும் கிளிப்புகள் போட்டு வைத்திருந்த ஒரு செப்புப் பானை நினைவுக்கு வந்தது. நான் போய்க் கேட்டேன். கிளிப்புகளை ஒரு கடதாசிப் பையில் கொட்டிவிட்டு, எதற்கு என்று கேட்காமல் தந்தார். மாவிலைக்குப் பதிலாகப் பூங்கா வேலியில் வளரும் பளபளத்த இலையில் அஞ்சாறு. குசினி ஸ்டூலில் வெள்ளைத் துவாய் விரித்து, அரிசி பரப்பி, குடத்தை வைத்து, தேங்காயை வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார் அம்மா. புளி போட்டு மினுக்கிய அந்தச் செப்பு வெயிலில் மின்னியதை நான் மறக்கவில்லை. கீழ்வீட்டம்மா செத்த பிறகு அவருடைய சாமான்களை யாரோ ஒரு வாகனத்தில் அள்ளிப்போனார்கள். அந்தப் பானையும் அதோடு போயிற்று. கேட்டு வாங்கியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

ஊர்வலம் வந்தது. முதலில் ஊதுகுழல் வாத்தியங்கள், பிறகு பாடும் சிறுவர்கள், பிறகு பூ தூவும் சிறுமிகள், சாம்பிராணிப் புகை, பிறகு நாலு பேர் தூக்கிய பட்டுப் பந்தலின் கீழ் பெரிய குருவானவர். கையில் கதிர் விரித்த பொன் பாத்திரம். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அப்பா மேலே ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, யாராவது ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தார். விசா இன்னும் கைக்கு வராத காலம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழ்வீட்டம்மா மட்டும் எங்கள் குடத்தை ஒரு பார்வை பார்த்தார். எங்களிடம் விளக்கு இல்லை என்பதைக் கண்டு, தன் மெழுகுதிரியை நகர்த்திக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

குருவானவர் சந்து முனை திரும்பியிருப்பார், இந்தப் பக்கம் பெட்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். பின்னேரம் வரவேண்டியவர்கள். விடிய முதலே புறப்பட்டு, வீதி வெறுமையாக இருந்ததால் நேரத்தோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் முன்னால் வந்தார். தரையில் பூவிதழ்கள். வாசலில் தோரணம்போலப் பச்சைக் கொப்புகள். நடுவில் நிறைகுடம். அந்த மனுஷி நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினார். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"தகப்பன் இல்லாத பிள்ளை. இந்த நாட்டிலை என்ரை பிள்ளைக்கு நிறைகுடம் வைச்சு ஆர் வரவேற்கப் போயினம் எண்டு வழி முழுக்க நினைச்சுக்கொண்டு வந்தனான், தங்கச்சி."

அம்மா வாயைத் திறந்தார், மூடினார். மேலே இருந்து ஓடிவந்த அப்பா முந்திக்கொண்டார். "உங்களுக்கு வைக்காமல் ஆருக்கு வைக்கிறது? வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ."

படிக்கட்டின் நடுவில் சித்தி நின்றார். தலை வாரவில்லை, பழைய வீட்டுச் சட்டை. எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தை எனக்கு இப்போதும் வரையத் தெரியும்.

நிறைகுடம் வைத்து உள்ளே எடுத்தால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பொம்பிளை பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள், குடம் வைக்கமாட்டார்கள். குடம் வைத்தால் சம்மதம். அந்த மனுஷி அப்படித்தான் எடுத்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டில் உறவுமுறையே மாறிவிட்டது. அம்மா எனக்கு மாப்பிள்ளையை அண்ணை என்று கூப்பிடச் சொல்லித் தந்திருந்தார். நான், "அண்ணை, தண்ணி" என்று நீட்டினேன்.

"அண்ணையோ? சித்தப்பா எண்டு சொல்லு மோனை" என்றார் தாய்.

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான், "சித்தப்பா, தண்ணி" என்றேன். மாப்பிள்ளை வாங்கிக் குடித்தார்.

குசினியில் அம்மா அப்பாவின் காதோடு, "சொல்லுங்கோவன், அது அவைக்கு வைச்சதில்லை எண்டு" என்றார். "அந்த மனிசி அழுதிட்டுது. இனி என்னெண்டு சொல்லுறது?" என்றார் அப்பா. பிறகு, "ஒரு விதத்திலை நல்ல சகுனம்தானே" என்றார். அன்றிரவு சமையலில் சித்தி எலும்புகளின் பெயரைச் சொல்லவில்லை. நானாக, "தலை" என்று தொடங்கினேன். "இப்ப வேண்டாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஊர் பார்க்கும் நாள். இங்கேதான் உங்கள் வழிகாட்டி வேலைக்கு வருகிறாள். பெரியவர்களுக்கு வேலைத்தலத்து ஜெர்மன்தான் தெரியும். ஆகவே என்னைத் தலைவியாகப் போட்டார்கள். உங்களுக்கும் அந்த வேலை தெரியும்தானே. ஒவ்வொரு அலுவலகத்திலும் அப்பா அம்மாவுக்கு முன்னால் நின்று, மேசை எட்டாத உயரத்தில், பெரியவர்களின் பயத்தை மொழிபெயர்த்த பிள்ளைகள் நாம். அன்றைக்கு மட்டும் பயம் இல்லை. மாப்பிள்ளை என்னிடம், "நீ முன்னாலை போ பிள்ளை, நாங்கள் பின்னாலை வாறம்" என்றார். அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் நின்றால் நின்றார், திரும்பினால் திரும்பினார்.

டோமுக்குள் கூட்டிப்போனேன். நீங்களும் காலையிலேயே போங்கள், நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழும் நேரம் அதுதான். மாப்பிள்ளை கழுத்து வலிக்கும்வரை கூரையைப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டி முடிக்க எவ்வளவு காலம் பிள்ளை?" என்று கேட்டார். "கனகாலம்" என்றேன். "அதுக்குக் குறைய ஏலாது" என்று ஒப்புக்கொண்டார். பேக்கரித் தட்டுகள் சுட்ட தழும்புகள் அவருடைய முன்னங்கையில் வரிவரியாக இருந்தன. ஆளைச் சுற்றி எப்போதும் பாண் வாசம் லேசாக இருக்கும். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சித்திக்காக அவரைப் பிடிக்கக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

மத்தியானம் பாலத்தடியில் இருக்கும் பழைய சொசேஜ் கடை. நீங்கள் போவதென்றால் பதினொரு மணிக்கு முன் போங்கள், பிறகு வரிசை ஆற்றங்கரை வரை நிற்கும். கரி அடுப்பில் விரல் அளவு சொசேஜ் வாட்டி, புளிக்கவைத்த முட்டைக்கோவாவும் இனிப்புக் கடுகும் வைத்துத் தருவார்கள். போய் உட்கார்ந்த பிறகுதான் மாப்பிள்ளையின் தாய், "இண்டைக்கு வெள்ளியெல்லோ, நான் மச்சம் தொடமாட்டன்" என்றார். அவருக்குப் பாணும் கோவாவும் மட்டும் எடுத்தோம். ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மோனை, கோவா புளிச்சுப்போச்சு. பழசைக் கொண்டுவந்து வைச்சிட்டாள். திருப்பிக் குடு." பரிமாறிய பெண் பக்கத்தில் வந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நல்ல ருசி என்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவள் மனம் குளிர்ந்து இன்னொரு தட்டு கோவா கொண்டுவந்து வைத்தாள். அந்த மனுஷி இரண்டு தட்டையும் தின்று முடித்தார், சம்பந்தி வீட்டார் வாங்கித் தந்ததில் மிச்சம் வைக்கக்கூடாது என்று. சித்தி அந்த மூன்று நாளில் ஒருதரம் சிரித்தது அப்போதுதான்.

கார் விடும் இடம் கேட்டீர்கள். பழைய நகருக்குள் கொண்டுவராதீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுக் கல்பாலத்தால் நடந்து வாருங்கள். டோமின் இரண்டு கோபுரமும் எதிரே எழும்பிவரும், அதுதான் இந்த ஊருக்குள் நுழையும் வழி. சீலை கட்டுகிறவர்கள் தட்டைச் செருப்புப் போடுங்கள், கல் பாவிய தெருவில் குதிச் செருப்பு நிற்காது.

அந்தப் பாலத்தில்தான் சனிக்கிழமை நடந்தது.

சனிக்கிழமை பின்னேரம் பெரியவர்கள் கல்யாணத்தை எங்கே வைப்பது என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்தான், "ரெண்டும் ஒருக்கால் நடந்திட்டு வரட்டுமன்" என்றார். தனியாக அனுப்பலாமா? அதற்குத்தான் நான். எனக்குத் தந்த வேலை இரண்டு: வழி காட்டுவது, நடுவில் நடப்பது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். அவர்கள் என் தலைக்கு மேலால்கூடப் பேசவில்லை. "சித்தியைக் கேள், குளிருதோ எண்டு" என்பார் அவர். "இல்லையெண்டு சொல்லு" என்பார் சித்தி. ஒரே மொழியில் நான் மொழிபெயர்த்த நாள் அது ஒன்றுதான்.

அந்த நாளில் பாலத்தின் மேல் பஸ் போகும், கார் போகும், ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்கவேண்டும். நடுப்பாலத்தில் ஒரு சின்னக் கூரையின் மேல் கல்லால் செய்த மனிதன் ஒருவன் உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயில் மறைத்துக்கொண்டு டோமைப் பார்ப்பான். நீங்களும் பார்ப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கதையை நான் எடுத்துவிட்டேன். பாலம் கட்டினவனும் டோம் கட்டினவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம். பாலத்துக்காரன் பேயோடு ஒப்பந்தம் போட்டான். பேய் கட்டி முடித்துத் தரும், முதலில் பாலத்தைக் கடக்கும் மூன்று உயிர் பேய்க்கு. பாலம் முடிந்தது. அவன் ஒரு சேவலையும் ஒரு கோழியையும் ஒரு நாயையும் விரட்டிவிட்டான்.

அவர் நன்றாகச் சிரித்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே சுழிக்கும் ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதல்முறையாக நேரே சித்தியிடம் பேசினார்.

"அந்தக் குடம் எங்களுக்கு வைச்சதில்லைத்தானே?"

சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சந்து முனையிலை ஊர்வலத்துக்காகக் காரை மறிச்சுப் போட்டாங்கள். அம்மா பின்சீற்றிலை நித்திரை. உங்கடை அக்கா கையெடுத்துக் கும்பிட்டதை நான் இருந்து பாத்தனான். இறங்கி வந்து சொல்லுவம் எண்டு பாத்தால், அம்மா அழத் தொடங்கிட்டா. எனக்கும் வாய் வரேல்லை." அவர் குரல் தாழ்ந்தது. "இப்ப குடத்தை விட்டுட்டுச் சொல்லுங்கோ. உங்களுக்கு இதிலை விருப்பமோ?"

ஒரு பஸ் போனது. பாலம் அதிர்ந்தது.

"நீங்கள் நல்லவர்" என்றார் சித்தி. "எனக்குப் படிக்கோணும். இடம் கிடைச்சிருக்கு. இதை விட்டால் எனக்கு இன்னொருக்கால் வராது. அத்தானுக்கு ஏலாதெண்டு சொல்ல என்னாலை ஏலாது. அவர் இல்லாட்டி நான் இங்கை இல்லை."

"சரி. அப்ப நான் சொல்லுறன்."

"என்னெண்டு?"

"எனக்கு விருப்பமில்லை எண்டு. ஆம்பிளை சொன்னால் கொஞ்ச நாளைக்குத் திட்டுவினம். நீங்கள் சொன்னால் காலம் முழுக்கச் சொல்லிக்காட்டுவினம்."

சித்தி அழுதார். "உங்கடை அம்மா?"

"அம்மாவுக்கு குடம் வைச்ச சந்தோஷம் இருக்கட்டும். அதை நான் எடுக்கமாட்டன்." பிறகு கல் மனிதனை அண்ணாந்து பார்த்தார். "பேயையே ஏமாத்தினவையாம். நாங்கள் ரெண்டு வீட்டுக்காரரை ஏமாத்தேலாதோ?"

திரும்பி நடக்கும்போது சித்தி குனிந்து என்னிடம், "உனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார். பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

ஞாயிறு காலையில் அம்மா சாப்பாட்டுப் பொதி கட்டிக் காரில் வைத்தார். மாப்பிள்ளை அதுவரைக்கும் பொறுத்தார். பிறகு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, "அண்ணை, குறை நினையாதேங்கோ. எனக்கு இது சரிவராது" என்றார்.

அப்பாவுக்கு முகம் கறுத்தது. "என்ன குறை கண்டனீர் எங்கடை பிள்ளையிலை?"

"பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. குறை என்னிலைதான்."

"என்னடா கதைக்கிறாய்? குடம் வைச்சு எடுத்த வீட்டிலை நிண்டு?" தாய் அவருடைய கையில் அடித்தார். அடித்தது தழும்பு இருந்த கையில். அவர் நின்று வாங்கினார். சித்தி படிக்கட்டில் அதே இடத்தில் நின்றார். இந்த முறை தலை வாரியிருந்தார்.

அவர் கடைசியாக என்னிடம் வந்தார். நான், "போயிட்டு வாங்கோ சித்தப்பா" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் அதுதான் வாயில் வந்தது. அவர் என் தலையில் கை வைத்தார்.

"இனி அண்ணை எண்டு கூப்பிடு பிள்ளை. அதுதான் சரி."

நான் விக்கி விக்கி அழுதேன். அவமானம் தாங்காமல் பிள்ளையும் அழுகிறது என்று அம்மா என்னை அணைத்துக்கொண்டார். அன்று பின்னேரம் சித்தி மா குழைத்தார். அப்பா முன்னறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி என்னைப் பார்த்து மெல்லிய குரலில், "வா, தலையிலை இருந்து கேள்" என்றார். அன்றைக்குக் கால்விரல் வரைக்கும் ஒரு பிழையும் விடவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பாண்காரன். 'மூண்டு நாள் இருந்து திண்டுபோட்டு வேண்டாமெண்ட பாண்காரன்.' வடக்கே இருந்து யார் வந்தாலும் அப்பா இதை எடுப்பார். எடுத்தவுடன் சித்தி எழுந்து குசினிக்குப் போவார். வேதனையில் போகிறாள் என்று அப்பா நினைத்தார், அதனால் இன்னும் திட்டுவார். அப்பாவையும் நான் குறை சொல்லமாட்டேன். மாமனாருக்கு வாக்குக் கொடுத்துச் சித்தியைக் கொண்டுவந்தவர், விசா இல்லாத நாட்டில் ஒரு குமர்ப்பிள்ளையைக் கரைசேர்க்கவேண்டும் என்று பயந்தவர். அந்தக் கோபம் முழுக்க அன்புதான். போய்ச் சேர்ந்த விலாசம் மட்டும் பிழை.

சித்தி படித்தார். தாதியானார். பிறகு தன் விருப்பத்துக்கு ஒருவரைக் கட்டினார், அவர்தான் எனக்கு இப்போது சித்தப்பா, தங்கமான மனிதர். அப்பா கடைசியாகப் படுத்தது சித்தி வேலைசெய்த வார்டில். இரவும் பகலும் அவரைப் புரட்டித் துடைத்ததும் சித்திதான். ஒருநாள் கட்டில் சீலை மாற்றிக்கொண்டே பாலத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டார். அப்பா தலையணையில் தலையைத் திருப்பிச் சித்தியைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பெடியனை நான் வீணாத் திட்டியிருக்கிறன்" என்றார். பிறகு, "கண்டால் சொல்லு பிள்ளை, நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு." சித்தியிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சித்தியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

போன வருஷம் ஊன்ட்றொப் கோயில் தேருக்கு நானும் சித்தியும் வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும், உங்களோடுதானே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து மோர் குடித்தோம். இடையில் நாங்கள் இரண்டு பேரும் காணாமல் போனோம் என்று திட்டினீர்களே, அந்த நேரம் இது. அர்ச்சனைக் கடைக்குப் பக்கத்தில் நரைத்த மனிதர் ஒருவர் சக்கர நாற்காலியில் தாயைத் தள்ளிக்கொண்டு வந்தார். சித்திக்கு முதலில் தெரிந்தது முகம் அல்ல, முன்னங்கைத் தழும்பு.

அவரும் நின்றார். சித்தியைப் பார்த்து, "படிச்சு முடிச்சிட்டியளோ?" என்று கேட்டார்.

"முடிச்சிட்டன்" என்றார் சித்தி. "இன்னும் கொஞ்சக் காலத்திலை பென்ஷன்." இருவரும் சிரித்தார்கள். சித்திக்குக் கண் நிறைந்தது. "அத்தான் போகமுதல் உங்களிட்டை மன்னிப்புக் கேட்டவர். கண்டால் சொல்லச் சொன்னவர்."

"என்னத்துக்கு?"

"உங்களைப் பாண்காரன் எண்டு திட்டினதுக்கு."

"அது உண்மைதானே. நான் பாண்காரன்தானே" என்றார்.

நான், "அண்ணை" என்றேன். அவர் திரும்பி என் நரைத்த தலையில் கை வைத்தார். நன்றி என்று சொல்ல இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்தேன், சொல்லாமலே விட்டேன். அவருக்கு விளங்கியிருக்கும்.

தாய்க்கு வயதாகிவிட்டது. பேரப்பிள்ளைகளின் பெயரே சிலவேளை தடுமாறுமாம். அவர் தாயின் காதருகே குனிந்து, "அம்மா, இவை ரேகன்ஸ்புர்க் ஆக்கள்" என்றார். அந்த மனுஷி முகத்தை நிமிர்த்தி எங்களைத் தேடினார்.

"நிறைகுடம் வைச்ச வீடெல்லோ" என்றார். "என்ரை பிள்ளைக்கு இந்த நாட்டிலை முதல் முதல் நிறைகுடம் வைச்ச ஆக்கள்."

சித்தி புழுதியில் முழங்கால் மடித்து உட்கார்ந்து அவருடைய கையை எடுத்துக்கொண்டார்.

"ஓம் அம்மா" என்றார். "உங்களுக்குத்தான் வைச்சது."

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன். வியாழன் காலை ஒன்பதுக்கு முன் வந்துவிடுங்கள், பிறகு தெருவை மறித்துவிடுவார்கள். டோம், சொசேஜ் கடை, பாலம் எல்லாம் பார்க்கலாம், வெள்ளி விரதக்காரர் இப்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் இப்போதைய வீடும் ஊர்வலம் போகும் வழியில்தான். அம்மா போன பிறகு குடம் வைப்பது சித்தியின் பொறுப்பு. இரண்டு தேங்காய் வாங்கி வைத்திருக்கிறார், ஒன்று குடத்துக்கு, ஒன்று சம்பலுக்கு. ஊர்வலம் போய் முடிந்த பிறகும் குடத்தை எடுக்கமாட்டோம். பிந்தி வந்தாலும் நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, இது எங்களுக்கா என்று கேட்டால், ஓம் என்று சொல்வதற்குச் சித்தி படியில் நின்றுகொண்டிருப்பார்.